கடலில் ஒருவரும் இல்லாத நாள்

கட்சிக்காரன் உண்மையைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு சட்டத்தரணிக்கு நித்திரை வராது என்று சட்டக் கல்லூரி நாட்களில் யாரோ சொல்லியிருந்தார்கள். பிரியங்கினிக்கு நித்திரை நன்றாகவே வந்தது. எழும்பும்போதுதான் களைப்பாக இருந்தது. திருகோணமலை நீதிமன்றங்களில் இருபத்திரண்டு வருடங்களாகக் கறுப்புக் கோட்டைப் போட்டுக் கழற்றியவளுக்கு அந்தக் களைப்பு புதிதல்ல. ஆனால் தர்மசீலனின் வழக்கு வந்த பிறகு, கோட்டைக் கழற்றினாலும் அது கழன்று போகாமல் தோளிலேயே கிடந்தது.

தர்மசீலன் அவளுடைய ஊர்க்காரன். சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டிப் போனால் கடலோரமாக வரும் சின்ன ஊர். அவளைவிடப் பத்துப் பதினொரு வயது இளையவன். நீல நிறத் தோணி ஒன்றும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவன். பிணையில் வெளியே வந்த மறுநாள் உட்துறைமுக வீதியில் மாடியிலிருந்த அவளுடைய அறைக்கு ஏறி வந்தான். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அவள் கையை உயர்த்தித் தடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

“உங்களிட்ட மறைச்சு என்னக்கா வரப்போகுது. வெடி போட்டது நான்தான்.”

“நான் உன்னட்ட அதைக் கேக்கேல்லையே, தர்மசீலன்.”

“டொக்டரிட்டயும் வக்கீலிட்டயும் பொய் சொல்லக் கூடாதெண்டு சொல்லுவினம்.”

“சொல்லுறவைக்கு என்ன,” என்றாள் அவள். பிறகு ஜன்னலால் தெரிந்த ஒரு துண்டுத் துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி மீதியைக் கேட்டாள்.

அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால், சுடலையில் நெருப்பு வைத்தாயிற்று என்று செய்தி வரும்வரை ஒரு தோணியும் கடலில் இறங்காது. கரையில் வெள்ளைக் கொடி கட்டிவிடுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. அதனாலோ என்னவோ, மீறியவர்களும் இல்லை. அன்று இறந்தவர் தங்கமுத்து. நாற்பது வருடம் அந்தப் பகுதிக்கு மருத்துவமாதாக இருந்தவர். ஊர் அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதிப் பேர் முதலில் விழுந்தது அவருடைய கையில்தான். தர்மசீலனும் அப்படித்தான். அதனால் அன்று காலை ஊரே செத்த வீட்டில் நின்றது. கடல் துடைத்து வைத்த தட்டைப்போல வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறுமையைத்தான் தர்மசீலன் கண்டான். பார்க்க ஆளில்லை, மீனுக்கு வெடி போட்டால் முறையிடவும் ஆளில்லை. பாறைத்திட்டுக்குத் தெற்கே தண்ணீரில் நுரை எழும்பியது. பாரை மீன் கூட்டம் என்று நினைத்து வெடியை எறிந்தான். மேலே வந்தது மீனல்ல. முதுகில் சிலிண்டர் கட்டிய ஓர் ஆள். மூதூரிலிருந்து கடலட்டை பிடிக்க வந்து தண்ணீருக்கு அடியில் நின்றவன். அவனுடைய தோணி பாறைக்கு மறுபுறம் நங்கூரமிட்டிருந்தது. தர்மசீலன் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான்.

“அண்டைக்கு ஆரக்கா கடல்ல இருப்பினம்?” என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். “ஒருத்தரும் இல்லை எண்டுதானே போட்டனான்.”

மூதூரில் இருப்பவனுக்கு இந்த ஊர் மிஸி செத்தது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வெறும் கடலைக் கண்டு, இன்று அட்டைக்கு நல்ல நாள் என்று அவனும் நினைத்திருப்பான்.

“இப்ப நான் என்ன சொல்லுறதெண்டா,” என்று தர்மசீலன் முன்னுக்குச் சரிந்தான், “நான் செத்த வீட்டில நிண்டனான். ஊரே அங்கதானே. ஆர் நிண்டது, ஆர் நிக்கேல்லை எண்டு ஆர் எண்ணினது?”

“அதை நான் சொல்ல மாட்டன். உன்னைச் சாட்சிக் கூண்டில ஏத்திச் சொல்ல வைக்கவும் மாட்டன். பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்ல வைக்கவும் மாட்டன்.”

“அப்ப உங்களால எனக்கு என்ன பிரயோசனம்?”

“நீதான் செய்தனீ எண்டு அரசாங்கம் நிரூபிக்க வேணும். அவை கொண்டு வாற ஒவ்வொண்டையும் நான் தட்டிப் பாப்பன். ஓட்டை இருந்தா ஓட்டை எண்டு சொல்லுவன். பொய் ஒண்டும் நான் உள்ள கொண்டு போக மாட்டன். உண்மையை வெளியில கொண்டு போகவும் மாட்டன். அவ்வளவுதான்.”

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்சிக்காரனுக்குச் சொல்லும் முக்கியமான புத்திமதியை வழக்குக் கோப்பின் பின்னட்டையில் எழுதி, திகதி போட்டு, கீழே கையெழுத்து வாங்கிக்கொள்வாள். பின்னாளில் ‘நீங்கள்தானே அப்படிச் சொல்லச் சொன்னீர்கள்’ என்று வந்து நின்ற இரண்டு பேர் பழக்கிவிட்ட வேலை அது. அன்றைக்கு எழுதினாள்: ‘செத்த வீட்டில் நின்றதாகச் சொல்லக் கூடாது என்று கூறப்பட்டது.’ தர்மசீலன் ஒவ்வொரு சொல்லாக வாசித்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டான்.

வழக்கை விட்டுவிடலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. விட்டால் வேறொரு சட்டத்தரணியிடம் போவான். இந்த முறை சூடு கண்ட பூனையாக, உண்மையைச் சொல்ல மாட்டான். அந்த மனிதர் ஒன்றும் அறியாமல் செத்த வீட்டுக் கதையைக் கொண்டுபோய் நீதிபதியின் முன் வைப்பார். பொய் அப்படித்தான் நல்ல கைகளால் உள்ளே போகும். அதைவிட, தெரிந்தவளிடமே அது இருக்கட்டும். இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முழு மனதோடு சொன்னாளா என்று கேட்டால், களைத்துப்போன மனதோடு சொன்னாள்.

மேல் நீதிமன்றத்தில், கொல்லும் எண்ணமில்லாமல் செய்த கைமோசக் கொலை என்று குற்றச்சாட்டு. செத்தவனோடு வந்த தோழன் ஒன்பதரை மணிபோல வெடிச் சத்தம் கேட்டதாகவும், பாறையைச் சுற்றி வருவதற்குள் ஒரு நீலத் தோணி தூரத்தில் போனதாகவும் சொன்னான். நீலத் தோணி அந்தக் கரையில் பத்துக்கு மேல். ஆளைக் கண்டதாகச் சொன்ன சாட்சி ஒருவர்தான்: கதிர்காமத்தம்பி. அதே ஊர், அறுபத்தாறு வயது, சொந்தத் தோணி. ஒன்பதரை மணிக்குத் தானும் கடலில் நின்றதாகவும், தர்மசீலன் வெடியைக் கொளுத்தி எறிந்ததைக் கண்ணால் கண்டதாகவும் பொலிசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

அந்த வாக்குமூலத்தில் இருந்த நாளையும் நேரத்தையும் வாசித்தபோதே அது பொய் என்று பிரியங்கினிக்கு விளங்கிவிட்டது. மிஸியின் செத்த வீட்டுக்கு அவளால் போக முடியவில்லை. அன்று அவளுக்கு மூன்று வழக்குத் தவணை. ஆனால் மிஸியின் மகன்கள் இருவரும் கனடாவில். அவர்கள் பார்ப்பதற்காக நான்கு மணித்தியாலமும் நேரலையில் போனது. சட்டத்தரணிகளின் அறையில், ஆறிப்போன பிளேன்ரீயோடு, கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கதிர்காமத்தம்பி தோளில் துவாயோடு நின்றார். ஊரில் எந்தச் செத்த வீடென்றாலும் பிரேதத்தை எடுக்க நேரம் சொல்வது அவர்தான். அன்றும் அவருடைய குரல்தான் எல்லா அழுகைக்கும் மேலாகக் கேட்டது.

காணொளியை எடுத்தவனிடம் முழுப் பிரதியையும் சான்றிதழோடு வாங்கினாள். அறையில் தனியாக இருந்து தொடக்கம் முதல் கடைசிவரை பார்த்தாள். பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை அவள் தேடியது கதிர்காமத்தம்பியை அல்ல. தர்மசீலனின் மனைவி இருந்தாள். பிள்ளைகள் இருவரும் பந்தல் காலைப் பிடித்துச் சுற்றினார்கள். தகப்பன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தர்மசீலன் எந்த இடத்திலும் இல்லை. சட்டப்படி முழுக் காணொளியையும் அரச தரப்புக்குக் கொடுத்தாள். ஒரு நிமிடத்தையும் வெட்டவில்லை. அரச சட்டத்தரணி நௌபர் நல்ல பொடியன். ஆனால் ஒரு கிழமைக்கு முப்பது கோப்பு அவனுக்கு. நான்கு மணித்தியால ஒப்பாரியை இருந்து பார்க்க அவனுக்கு ஏது நேரம்?

விசாரணை நாளில் ஊரிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி வாங்கில், வெடியில் செத்த இக்ராமின் மனைவி ஷிஃபானா தனியே இருந்தாள். ஒவ்வொரு தவணைக்கும் மூதூரிலிருந்து முதல் பஸ் எடுத்து வருபவள். இருபத்தாறு வயதிருக்கும்.

கதிர்காமத்தம்பி இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு சாட்சிக் கூண்டில் ஏறினார்.

“ஒன்பதரை மணிக்கு நீங்கள் கடல்ல நிண்டனீங்கள்?” என்று பிரியங்கினி குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள்.

“ஓம் பிள்ளை.”

நீதிபதி நிமிர்ந்தார். “சட்டத்தரணி எண்டு சொல்லுங்கோ.”

“சொல்லலாம் ஐயா. சின்னனில என்ர வலைக்குள்ள சங்கு பொறுக்கின பிள்ளை. வாய் வருகுதில்லை.”

வான்காரர்கள் சிரித்தார்கள். பிரியங்கினியும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்தது அவளுக்கு நன்றாக இல்லை.

“எதிரியை, தர்மசீலனை, எவ்வளவு தூரத்தில கண்டனீங்கள்?”

“இஞ்ச இருந்து பஸ் ஸ்ராண்ட் மட்டும் இருக்கும்.”

“அண்டைக்கு ஊரில ஒரு செத்த வீடு.”

கிழவரின் கை கூண்டின் மரத்தை ஒருமுறை தடவியது. “ஓம். மிஸியின்ர.”

“போனனீங்களோ?”

“போகாம? கடலால வந்து போனனான்.”

அவள் திரையைக் காட்டினாள். பந்தல் தெரிந்தது, பெட்டி தெரிந்தது, பெண்களின் தலைகள் தெரிந்தன. மூலையில் நேரம் ஒன்பது முப்பத்தொன்று. தோளில் துவாயோடு ஒருவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று கையைத் தூக்கினார். “நேரம் போகுது, பிள்ளையள். அழுதது காணும். இனி எடுப்பம்.” குரல் நீதிமன்றச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. ஊர்க்காரர் இருந்த வாங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“அது ஆற்ற குரல்?”

“என்ர.”

“அப்ப நீங்கள் அந்த நேரம் கடல்ல நிக்கேல்லை.”

கதிர்காமத்தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டவரின் முகமாக அது இல்லை. அவமானப்படுத்தப்பட்டவரின் முகமாக இருந்தது. “மிஸி செத்த அண்டைக்கு ஆர் பிள்ளை கடலுக்குப் போவான்?” என்றார்.

வாங்குகளில் தலைகள் மெல்லத் தர்மசீலன் நின்ற எதிரிக் கூண்டின் பக்கம் திரும்பின.

“ஆகவே நீங்கள் ஒண்டையும் காணேல்லை.”

“காணேல்லை. பத்துப் பன்னிரண்டு வருசமா அவன் வெடி போட்டு மீன்குஞ்சுகளைக் கொல்லுறான். ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. ஆரோ பெத்த பிள்ளை செத்துப்போச்சு, அதுக்கும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதுதான் நான் சொன்னனான். நான் காணேல்லை. ஆனா எனக்குத் தெரியும்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியும்.”

“சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேணும்,” என்றார் நீதிபதி.

“வேறு கேள்விகள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே,” என்று சொல்லிவிட்டு அவள் இருந்தாள். அந்நியன் ஒருவனின் சாவுக்காக ஊரில் எழும்பி நின்றது ஒரே ஒரு மனிதர். அவரைத்தான் அவள் இப்போது இருத்திவிட்டாள். செய்த வேலையில் பிழை ஒன்றுமில்லை. பொய்ச் சாட்சியம், பொய் என்று காட்டப்பட்டது. சரியான வேலை இவ்வளவு பாரமாக இருக்கக் கூடாது.

மத்தியானத்தோடு அரச தரப்பு தன் வழக்கை முடித்தது. நீதிபதி தர்மசீலனைப் பார்த்து, அவனுக்கு உள்ள வழிகளைச் சொன்னார். சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம். நின்ற இடத்திலிருந்தே, சத்தியம் இல்லாமல், ஒரு கூற்றைச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமலும் விடலாம். ஒன்றும் சொல்வதில்லை என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

ஆனால் தர்மசீலன் நீதிபதியைப் பார்க்கவில்லை. வான்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவரின் கேள்வி இன்னும் அந்த மண்டபத்தில்தான் நின்றது. தர்மசீலன் கூண்டின் கம்பியைப் பிடித்தான், தொண்டையைச் செருமினான்.

“ஐயா, நான் ஒண்டு சொல்ல வேணும்.”

அவன் சொல்லப்போவது என்னவென்று பிரியங்கினிக்குத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். செத்த வீட்டில் நின்றேன் என்று அவன் வாய் திறந்தால், நௌபர் அந்தக் காணொளி முழுவதையும் போட்டுப் பார்ப்பான். அவன் பார்க்காவிட்டாலும் நீதிபதி பார்ப்பார். அது சான்றாக மேசையில்தான் கிடக்கிறது. நான்கு மணித்தியாலத்தில் ஒரு நொடிகூட இவன் இல்லை. சொன்ன பொய்யே இவனைக் கொண்டுபோய்ச் சிறையில் வைக்கும்.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். குனிந்து கோப்பில் எதையோ எழுதுவதுபோல இருக்கலாம். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லக் கூடாது என்றதற்குக் கையெழுத்துக்கூட இருக்கிறது. கடைசி வாங்கில் இருக்கும் அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு பதிலோடு பஸ் ஏறும். கதிர்காமத்தம்பி வீணாக வெட்கப்படவில்லை என்றாகும். எல்லாம் தானாகவே நடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் நீதி இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு இலகுவாக வந்து நின்றதில்லை.

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு சுற்று.

அவள் எழும்பினாள். “கனம் நீதிபதி அவர்களே, எனது கட்சிக்காரருடன் கதைப்பதற்குப் பத்து நிமிடம் தயவாகக் கேட்கிறேன்.”

மறியல் அறைக்கு வெளியே இருந்த ஒடுங்கிய நடைபாதையில், சிறைக் காவலரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் சுவரில் சாய்ந்தாள்.

“என்ன செய்யப் பாத்தனீ?”

“ஒருக்காச் சொல்ல விடுங்கோ அக்கா. நான் அங்க நிண்டனான் எண்டு ஒருக்கா. ஊரெல்லாம் பாத்துக்கொண்டிருக்குது.”

“நீ அந்த வீடியோவில இல்லை. நான் மூண்டு தரம் பாத்தனான். உன்ர மனிசி இருக்கிறா, பிள்ளையள் இருக்குதுகள், கொப்பர் இருக்கிறார். நீ இல்லை. இதைச் சொன்னியெண்டா நாளைக்கே அதைப் போட்டுப் பாப்பினம். பிறகு என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது.”

அவன் முகத்தைத் துடைத்தான். “வெடி போட்டதுக்கு மறியல்ல இருந்தாலும் இருந்திட்டுப் போறன். வெடி போடாத கை அந்தக் கரையில எத்தினை இருக்கு? ஆனா மிஸியைப் பெட்டியில வச்சிருக்கேக்க கடலுக்குப் போன நாய் எண்டு ஆக்கள் சொன்னா… என்னைப் பிறக்க வச்ச மனிசி அக்கா அது. அம்மாவுக்கு ரெண்டு நாள் நோ. மிஸி தன்ர வீட்டுக்கே போகேல்லையாம்.”

பிரியங்கினிக்கு அந்த நடைபாதையிலேயே கீழே இருந்துவிடலாம் போலிருந்தது. “இக்ராம் எண்டு ஒருத்தன் செத்தவன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு வருசமா நீ என்ர கதிரையில வந்து இருக்கிறாய். ஒருக்காலாவது அந்தப் பேர் உன்ர வாயால வந்ததோ?”

சிறைக் காவலர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அவள் கோப்பைத் திருப்பிச் சுவரில் வைத்து எழுதினாள்: ‘கூண்டிலிருந்து கூற்று எதுவும் சொல்ல வேண்டாம் என்று கூறப்பட்டது.’ திகதி போட்டாள். “நான் சொல்லுறது இதுதான். முடிவு உன்ர. பேசுறதெண்டா நான் மறிக்க ஏலாது.”

கையெழுத்து இந்த முறை கோணலாக வந்தது. சுவர் சமமாக இல்லை.

“எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை,” என்றான் தர்மசீலன், கூண்டுக்குத் திரும்பி வந்து. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

மூன்று கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆளை அடையாளம் காட்டிய ஒரே சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல, குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. கதிர்காமத்தம்பியின் பொய்ச் சாட்சியத்தை நீதிபதி வயதைப் பார்த்து, கண்டித்ததோடு விட்டார்.

வெளிவாசலில், நகருக்குள் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் ஷிஃபானா நின்றாள். பிரியங்கினியைக் கண்டதும் குடையைச் சுருக்கினாள்.

“மிஸ், அந்த வயசான அப்பா பொய்யா சொன்ன?”

“ஓம். அவர் அண்டைக்கு அங்க நிக்கேல்லை.”

“அப்ப எங்கட மனிசன ஆரு கொன்ற? தண்ணியா?”

மான் கடதாசியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிரியங்கினியின் நாக்கில் பல சொற்கள் வந்தன. தெரியாது என்றால் அது பொய். சொல்ல ஏலாது என்றால், அதுவே சொன்னதாகிவிடும்.

“மகளுக்கு மூணு வயசு மிஸ். வாப்பாக்கு என்ன நடந்த எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?”

“தங்கச்சி, இந்தத் தீர்ப்புக்கு எதிரா அரசாங்கம் மேன்முறையீடு செய்யலாம். அதுக்கு நாள் கணக்கு இருக்கு, கூட நாள் இல்லை. இண்டைக்கே அரச சட்டத்தரணி நௌபரிட்டப் போய்க் கேளுங்கோ. எழுத்தில கேளுங்கோ.”

ஷிஃபானா அவளைக் கூர்ந்து பார்த்தாள். “நீங்கதானே அந்தாள விடுவிச்ச. நீங்களே சொல்றீங்க.”

“ஓம்.”

“விளங்கல்ல மிஸ்.”

“எனக்கும் சில நேரம் விளங்கிறதில்லை,” என்றாள் பிரியங்கினி. நௌபரின் அலுவலகம் எந்த மாடியில் என்பதைக் கையால் காட்டிவிட்டுப் போனாள்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிபோல தர்மசீலன் படியேறி வந்தான். விடுதலையான மனிதனைப்போல இல்லை. அதே கதிரையின் அதே நுனியில் இருந்தான்.

“ஒருத்தரும் தோணியில கை வைக்கிறாங்கள் இல்லை அக்கா.”

“என்ன?”

“தள்ளி இறக்கிறதுக்கு. நாலு பேர் வேணும். நானும் பெஞ்சாதியும் தள்ளுறம். ஏலுமே? மணல் விடுகுதில்லை. ஏசினாலும் பரவாயில்லை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறாங்களும் இல்லை.” அவன் உள்ளங்கையைப் பார்த்தான். “கோட்டில வழக்குக்குக் காட்டினதோட ஊரே அந்த வீடியோவைத் திரும்பிப் பாத்திருக்கு. நாலு மணித்தியாலமும், படம் பாக்கிற மாதிரி. கனடாவில இருந்து மச்சான் எடுத்துக் கேக்கிறான், ‘அத்தான், மிஸியின்ர செத்த வீட்டில எல்லாரையும் கண்டன், உங்களைத்தான் காணேல்லை’ எண்டு.”

அவள் சிரித்திருப்பாள், வரவில்லை. சட்டம் தேடாததை ஊர் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. கொடுத்தது அவள்தான்.

“மீனவர் சங்கத்தில கூட்டம் வைக்கப் போகினம். நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ. நான் செய்யேல்லை எண்டு கோடு சொன்னது எண்டு.”

“கோடு அப்பிடிச் சொல்லேல்லை. நிரூபிக்கேல்லை எண்டுதான் சொன்னது. தீர்ப்பின்ர பிரதி வேணுமெண்டா எடுத்துத் தாறன். அதுக்கு மேல ஒரு சொல் நான் எழுத மாட்டன்.”

தர்மசீலன் தலையாட்டினான். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழும்பிப் போவான் என்று நினைத்தாள். போகவில்லை. துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகு ஊதியது.

“அவன்ர பேர் இக்ராம் எண்டனீங்கள்.”

“ஓம்.”

“மேல வரேக்க கண் திறந்திருந்தது. நான் அதை உங்களுக்குச் சொல்லேல்லை. கையும் ஆடின மாதிரி இருந்தது. தண்ணியோ, அவனோ தெரியாது. நான் இஞ்சினைப் போட்டிட்டன்.” பிறகு கேட்டான்: “மூதூர்ல வீடு எங்க?”

பிரியங்கினி நிமிர்ந்தாள். வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியும். சாட்சிப் பட்டியலில் விலாசம் இருக்கிறது. இரண்டு வருடமாக இவனிடமிருந்து வரவேண்டும் என்று அவள் காத்திருந்தது இதுதான். வந்திருக்கிறது. அதற்கு அவள் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது.

“போகாத.”

“அக்கா—”

“மேன்முறையீட்டுக் காலம் இன்னும் முடியேல்லை. நீ அங்க போய் வாய் திறந்தா அது வாக்குமூலம். அந்தப் பிள்ளை அதை நாளைக்கே கொண்டுபோய்க் குடுக்கலாம். குடுக்க வேணும். வழக்குத் திரும்ப உயிர் பெறும்.”

“நாள் முடிஞ்ச பிறகு போனா?”

“பிறகு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். நான் உன்ர சட்டத்தரணி.”

“நீங்கள் அதைத்தானே சொல்லுவீங்கள்,” என்றான் அவன். கோபம் இல்லை.

அவள் அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினாள். இரண்டு கையெழுத்துகளுக்கும் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ‘மூதூருக்குப் போக வேண்டாம் என்று கூறப்பட்டது’ என்று எழுதித் திகதி போட்டாள். பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். “இதில போட்டா நான் போகக் கூடாதெண்டோ?”

“இல்லை. நான் சொன்னனான், நீ கேட்டனீ எண்டுதான். போறது வாறது உன்ர காரியம்.”

தர்மசீலன் பேனாவை எடுத்தான். முதல் நாள்போலவே முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் விடாமல், அவசரமில்லாமல் எழுதினான். மூடியைப் போட்டு மேசையில் வைத்தான்.

“மூதூரில இறங்கிக் கேட்டாக் காட்டுவினம்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழும்பினான்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. பிரியங்கினி ஜன்னலடிக்குப் போகவில்லை. கோப்பைக் கட்டி அலுமாரியில் வைத்தாள். நாளைய தவணைக்குக் கந்தளாயிலிருந்து ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு இருந்தது, அதைப் பிரித்தாள். முதல் பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள், பஸ் நிலையப் பக்கமிருந்து நடத்துனரின் குரல் வந்தது. கிண்ணியா, மூதூர், கிண்ணியா, மூதூர் என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். அது ஓய்ந்து, பஸ் புறப்பட்டுப் போகும்வரை அவள் அதே வரியில்தான் நின்றாள்.